மூளைத்தண்டில் இரண்டாவது காயம்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் உள்ள மணிமங்கலத்தைச் சரித்திரம் படித்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. அந்தப் போரில் எத்தனை மண்டைகள் உடைந்தன என்பதை எந்தச் செப்பேடும் எண்ணி வைக்கவில்லை. இன்று அதே ஊரைச் சுற்றி வேறு வகையான பட்டாளம் நடமாடுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கு ஷிப்ட் மாறும் நேரங்களில் செல்லும் தொழிலாளர்களின் இருசக்கர வாகன வரிசைதான் அது. பக்கத்திலேயே கன்டெய்னர் லாரிகள். 2013 முதல் ஒரகடத்திலேயே மோட்டார் சைக்கிள்களும் உற்பத்தியாகின்றன.

இப்படிப்பட்ட ஒரு சாலையில் நடக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஓர் இளைஞர் வண்டியிலிருந்து சறுக்கி விழுகிறார். தலையின் பக்கவாட்டில் அடி. சில நிமிடம் நினைவு தப்புகிறது. பிறகு எழுந்து உட்கார்ந்து பேசுகிறார். கூடியவர்கள் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். வீட்டில், "அசதியாக இருக்கிறான், கொஞ்சம் தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து எழுப்பினால் எழவில்லை. ஒரு கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்திருக்கிறது. மூச்சு ஒழுங்கற்று வருகிறது.

அவர் விழுந்தபோது மூளையின் உயிர்நாடியான பகுதியில் அடிபடவே இல்லை. அங்கே காயம் ஏற்பட்டது பிறகு, அவர் படுத்திருந்தபோது. மண்டைக்குள் ஏறிக்கொண்டிருந்த அழுத்தம், எங்கோ ஆழத்தில் இருக்கும் மூளைத்தண்டைக் கீழ்நோக்கித் தள்ளி, அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களை அறுத்துவிட்டது. மருத்துவர்கள் இதை 'தூரே இரத்தக் கசிவு' என்பார்கள். தூரே என்பது ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர். அவர் எதைக் கண்டார், அதன் காரணத்தை அறிய எத்தனை காலம் பிடித்தது, அது நம் நாட்டில் எப்படி ஒரு சட்டத்தின் சொல்லாகக்கூட ஆகியது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

ஆன்ரி தூரே 1849இல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். பாரிஸில் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் புகழ்பெற்ற நரம்பியல் ஆசான் ஷார்கோவிடம் பயின்றார். மூளைக்கு இரத்தம் எந்தெந்தக் குழாய் வழியாக எங்கெங்கே போகிறது என்பது அக்காலத்தில் தெளிவாகத் தெரியாது. இறந்தோரின் மூளைத் தமனிகளுக்குள் நிறமூட்டிய பொருளைச் செலுத்தி, அது பரவும் வழியை நுணுக்கமாகத் தொடர்ந்து சென்று, 1874இல் மூளைத்தண்டின் தமனிகளைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். ஏறத்தாழ அதே சமயத்தில் ஜெர்மனியில் ஹொய்ப்னர் என்பவரும் மூளைத் தமனிகளைப் பற்றி இத்தகைய ஆய்வைச் செய்துகொண்டிருந்தார். அப்போது பிரான்சும் ஜெர்மனியும் போர் முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 'யார் முதலில்' என்ற பூசலுக்குக் கேட்கவா வேண்டும்!

1878இல் தூரே தலைக்காயங்களைப் பற்றிப் பெரிய ஆய்வேடு ஒன்றை அளித்தார. நாய்களின் மண்டையோட்டில் துளையிட்டு, அதன் வழியே திரவத்தை வேகமாக உட்செலுத்தி, திடீர் அழுத்தம் என்ன செய்கிறது என்று பார்த்தார். (இன்று இப்படிப்பட்ட சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எளிதில் கிடைக்காது.) திரவம் செலுத்தியது மேலே, ஆனால் சிறுசிறு இரத்தப் புள்ளிகள் தோன்றியதோ கீழே, மூளைத்தண்டில். அடி ஓரிடம், காயம் வேறிடம்!

இதற்குத் தூரே ஒரு விளக்கம் சொன்னார். மூளையைச் சுற்றியும் அதன் அறைகளுக்குள்ளும் இருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஓர் அலை எழுந்து, குறுகலான வாய்க்கால் வழியே கீழே பாய்ந்து, மூளைத்தண்டின் பின்னாலிருக்கும் அறையின் சுவரைக் கிழிக்கிறது என்றார். அழகான விளக்கம்தான், ஆனால் சரியானதல்ல. கண்டது உண்மை, காரணம் பிழை. அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவர் கண்டதுதான். விளக்கத்தை உலகம் மெல்லக் கைவிட்டது. பின்னாளில் அவர் லீல் நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றி, 1921இல் காலமானார்.

சரியான காரணத்தைப் புரிந்துகொள்ள, மண்டைக்குள் நாமே ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும்.

தேங்காய் ஓட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மனிதனின் மண்டையோடும் அப்படித்தான், விரியாது, சுருங்காது. அதற்குள் சுமார் 1400 மில்லிலிட்டர் மூளை, ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இரத்தம், அதே அளவுக்கு மூளைத் தண்டுவடத் திரவம் ஆகிய மூன்றும் அடைத்து வைக்கப்பட்டுள்ளன. இடம் மிச்சமில்லை. நான்காவதாக ஒன்று, அது இரத்தக் கட்டியோ சதைக் கட்டியோ சீழோ, உள்ளே வந்தால் இருப்பதில் ஏதாவது வெளியேற வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரண்டாம் அலெக்சாண்டர் மன்றோ 1783இல் இந்தக் கருத்தைச் சொன்னார். அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி அதை உறுதிப்படுத்தினார். ஒரு புயல் இரவுக்குப் பின் திறந்த வெளியில் இறந்து கிடந்த இருவரின் உடல்களை ஆராய்ந்ததிலிருந்து தொடங்கி, கெல்லி தம் முடிவுகளை 1824இல் வெளியிட்டார். மன்றோ–கெல்லி கோட்பாடு என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. இரத்தக் கட்டி சிறிதாக இருக்கும்போது, திரவமும் சிரை இரத்தமும் சற்று வெளியேறி இடம் கொடுக்கின்றன. அழுத்தம் ஏறுவதில்லை. அடிபட்டவர் பேசுகிறார், நடக்கிறார், தேநீர் குடிக்கிறார். விட்டுக்கொடுக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலை வந்ததும் கதை மாறிவிடுகிறது. அதன் பிறகு ஒரு தேக்கரண்டி இரத்தம் கூடினாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறும். படுத்திருக்கும் ஆரோக்கியமான பெரியவரின் மண்டைக்குள் அழுத்தம் பாதரச அளவில் 7 முதல் 15 மில்லிமீட்டர். 22ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை என்பது இன்றைய வழிகாட்டு முறை. நாம் கற்பனை செய்த இளைஞர் சோடா குடித்துக்கொண்டிருந்த நேரம், அந்த விட்டுக்கொடுக்கும் நேரம்தான். மருத்துவர்கள் அதைத் தெளிவு இடைவேளை என்கிறார்கள். எல்லாத் தலைக்காயங்களிலும் இது வருவதில்லை. ஆனால் வரும்போது சுற்றியிருப்பவர்களை ஏமாற்றிவிடுகிறது.

அழுத்தம் ஏறினால் மூளை எங்கே போகும்? பெருமூளைக்கும் அடியிலுள்ள சிறுமூளைக்கும் நடுவே கெட்டியான ஒரு படலம் பந்தல் போட்டதுபோல் விரிந்திருக்கிறது. அந்தப் பந்தலின் நடுவில் ஒரு வாசல். அதன் வழியாகத்தான் மூளைத்தண்டு கீழே இறங்குகிறது; இறங்கி, மண்டையோட்டின் அடியிலுள்ள பெருந்துளை வழியாகத் தண்டுவடமாகத் தொடர்கிறது. மூளைத்தண்டு கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். நடுமூளை, பாலம், முகுளம் என்ற மூன்று பகுதிகள் கொண்டது. விழித்திருப்பது, மூச்சுவிடுவது, இதயத் துடிப்பைச் சீராக்குவது, கண்ணை அசைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பெருமூளையில் ஓர் எலுமிச்சை அளவு பகுதி கெட்டுப்போனாலும் மனிதன் பிழைத்து நடமாடக்கூடும். மூளைத்தண்டில் அப்படியல்ல. அங்கே மிளகளவு இரத்தம் கசிந்தாலும் ஆபத்து.

மேலே அழுத்தம் மிகுந்தால், பெருமூளையின் பக்கமடல் ஓரம் அந்த வாசலுக்குள் பிதுங்கி நுழைகிறது. முதலில் நசுங்குவது அவ்வழியே செல்லும் மூன்றாவது கபால நரம்பு. ஆகவே அந்தப் பக்கத்துக் கண் பாவை விரிந்து, விளக்கொளி பட்டாலும் சுருங்காமல் நிற்கிறது. இங்கிலாந்தின் ஜானதன் ஹட்சின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த அடையாளம் இது. அடுத்து மூளைத்தண்டே கீழே தள்ளப்படுகிறது. இப்போது இரத்தக் குழாய்களைப் பாருங்கள். பாலத்தின் முன்புறம் மேலும் கீழுமாக ஓடும் அடித்தமனியின் மேல்முனை, மூளையின் அடியிலுள்ள தமனி வளையத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது; அது எளிதில் கீழே இறங்காது. அதிலிருந்து கிளைத்து, ஊசிகள்போல் பாலத்துக்குள் நுழையும் மெல்லிய தமனிகளோ மூளைத்தண்டோடு சேர்ந்து இழுபடுகின்றன. கட்டிய கயிறு அசையாதிருக்க, அதில் தொங்கும் துணியை ஒருவர் கீழே இழுத்தால் என்ன ஆகும்? நூல் அறும். நடுமூளையிலும் பாலத்தின் மேற்பகுதியிலும், நடுக்கோட்டை ஒட்டி, இரத்தம் கசிகிறது. தூரே கண்ட புள்ளிகளுக்கு இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இதுதான்.

இந்த விளக்கத்துக்கு வந்துசேர 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி செலவாயிற்று. கசிவது தமனியா, சிரையா என்ற வாதம் 1950களிலும் 1960களிலும் சூடாக நடந்தது. வேறொரு கருத்தும் எழுந்தது: நசுங்கியிருந்த குழாய்கள் அழுத்தம் தளர்ந்ததும் மறுபடி இரத்தத்தால் நிரம்பும்போது, சேதமடைந்த சுவர் வழியே கசியலாம் என்பது அது. அறுவை மருத்துவருக்கு இது தர்மசங்கடமான செய்தி. கட்டியை எடுக்காவிட்டால் சாவு. காலம் தாழ்ந்து எடுத்தால், எடுத்ததன் விளைவாகவே கசிவு. எனக்கு இதில் தோன்றுவது, 'எடுக்கலாமா' என்பதைவிட 'எப்போது எடுத்தோம்' என்பதே இங்கே உண்மையான கேள்வி என்பதுதான்.

இடையில் ஒரு முக்கியமான அமெரிக்கரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஹார்வி குஷிங் 1900–01 காலத்தில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கோகர் என்ற மாபெரும் அறுவை மருத்துவரிடம் இருந்தபோது, மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றி, உடலின் இரத்த அழுத்தம் அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று அளந்தார். உள்ளழுத்தம் ஏற ஏற, மூளைத்தண்டு இரத்தம் கிடைக்காமல் தவித்து, உடலின் இரத்த அழுத்தத்தை இன்னும் மேலே ஏற்றுகிறது, நாடித்துடிப்போ குறைகிறது, மூச்சு தாறுமாறாகிறது. இம்மூன்றும் சேர்ந்து தெரிந்தால் நேரம் மிகக் குறைவு என்று பொருள். "நாடி நிதானமாக, நன்றாகத்தான் அடிக்கிறது" என்று உறவினர்கள் ஆறுதல் கொள்ளும் அந்த நாடி, சில சமயம் மூளைத்தண்டின் கடைசிக் குரலாகவும் இருக்கலாம்.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத் திரவத்தை எடுக்கும் முறையை ஜெர்மனியின் குவின்கே 1891இல் புகுத்தியிருந்தார். மண்டைக்குள் கட்டியோ இரத்த உறைவோ இருக்கும் ஒருவருக்கு இதைச் செய்தால், கீழே அழுத்தம் குறைந்து, மேலிருந்து மூளை பெருந்துளையை நோக்கி வழுக்கிவிடும் என்பது வெகு விரைவில் தெரிந்தது. கண்ணின் உட்புறத்தை விளக்கால் பார்த்து, பார்வை நரம்பின் முனை வீங்கியிருக்கிறதா என்று சோதித்த பிறகே முதுகில் ஊசி என்ற விதி அப்படித்தான் பிறந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். மறு ஆண்டு, 1950இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார். சீர்காழியில் 1922இல் பிறந்த அவர், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரௌபாதம் என்பவரிடம் பயிற்சி பெற்றார். தலைக்காயங்களைப் பற்றி 1942இல் நூல் எழுதியவர் இந்த ரௌபாதம். சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். அதுவும் சென்னையில்தான்.

அன்று அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதை இன்றைய மாணவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேன் கிடையாது. மூளை அறைக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுப்பது, கழுத்துத் தமனியில் மருந்தேற்றிப் படமெடுப்பது, அதற்கும் நேரமில்லையென்றால் விரிந்த கண் பாவையின் பக்கம் மண்டையில் துளையிட்டுப் பார்த்துவிடுவது, இவ்வளவுதான். கண் பாவையே சாட்சி, கைவிளக்கே கருவி. மண்டைக்குள் அழுத்தம் ஏறி வந்தவர்கள் எல்லோரும் அடிபட்டவர்களும் அல்லர். காசநோயால் மூளையில் உண்டாகும் கட்டிகள் அந்நாளில் நம் நாட்டில் மிகுதி. மேல்நாட்டுப் புத்தகங்களில் அவற்றுக்குச் சிறிய இடமே இருந்தது. சென்னை, வேலூர் மருத்துவர்கள் அவற்றைப் பற்றித் தாங்களே கற்று எழுத வேண்டியிருந்தது. தலைவலியும் வாந்தியும் மங்கும் பார்வையுமாக மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, கடைசி நாளில் மூளைத்தண்டு நசுங்கிய நிலையில் வந்துசேர்ந்தவர்களை அவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்கள்.

தூரே கசிவை அதுவரை யாரும் உயிருள்ள மனிதரில் பார்த்ததில்லை. அது பிணப் பரிசோதனை மேசையில் மட்டும் தெரியும் காட்சியாக இருந்தது. ஆகவே அது மரணத்தின் முத்திரை என்றே கருதப்பட்டது. 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அதன் பிறகு உயிரோடிருப்பவரின் பாலத்திலும் அந்தப் புள்ளிகள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கின. 1974இல் கிளாஸ்கோவின் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் நினைவின் அளவைக் குறிக்கும் முறையைத் தந்தார்கள்; இன்று அது 3 முதல் 15 வரை எண்ணாகக் குறிக்கப்படுகிறது. ஓர் ஊர் மருத்துவரும் நகரத்து மருத்துவரும் தொலைபேசியில் ஒரே மொழி பேச அது வழிசெய்தது. உறங்குகிறாரா, மயங்குகிறாரா என்ற குழப்பத்துக்கு ஓரளவு முடிவு வந்தது.

பார்க்க முடிந்ததும் எண்ணமும் சற்று மாறியது. தூரே கசிவு உண்டான பெரும்பாலோர் இன்றும் பிழைப்பதில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரைந்து அறுவை செய்து அழுத்தத்தை இறக்கிய சிலர், கசிவு படத்தில் தெளிவாகத் தெரிந்த பிறகும் நினைவு திரும்பி, நடந்து வீடு சென்றதை இந்த நூற்றாண்டின் மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. ஆகவே படத்தில் அந்தப் புள்ளியைக் கண்டதும் கையை விரித்துவிடுவது நியாயமல்ல என்று இன்று வாதிடுகிறார்கள். புள்ளி எவ்வளவு பெரிது, நோயாளியின் வயதென்ன, அழுத்தம் எத்தனை நேரம் நீடித்தது என்பதெல்லாம் சேர்ந்தே முடிவு சொல்கின்றன.

பிழைக்காதவர்களின் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. செயற்கைச் சுவாச இயந்திரம் வந்த பிறகு, மூளை அழிந்தும் இதயம் துடிக்கும் விசித்திர நிலை தோன்றியது. 1959இல் பாரிஸில் மொல்லாரே, குலோன் இருவரும் அதை 'ஆழ்மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட நிலை' என்று விவரித்தனர். 1971இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மோகன்தாஸ், சௌ என்ற இரு மருத்துவர்கள், மீள முடியாத எல்லை எது என்று தேடி, அது மூளைத்தண்டுதான் என்று காட்டினர். 1976இல் பிரிட்டன் அதை ஏற்றது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இந்தியா தேர்ந்தெடுத்த சொல்லும் 'மூளைத்தண்டு மரணம்' என்பதே. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே அதை அறிவிக்கலாம். கண் பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா, தொண்டையில் தொட்டால் இருமல் வருகிறதா, இயந்திரத்தை நிறுத்தினால் தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்றெல்லாம் மூளைத்தண்டையே ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்கும் சோதனைகள் அவை.

2008 செப்டம்பரில், மணிமங்கலம் அன்றிருந்த அதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருக்கழுக்குன்றத்தில், பள்ளி மாணவன் ஒருவன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். அவர்கள் மகனின் உறுப்புகளைத் தானமாக அளித்தார்கள். அவனுடைய இதயத்தைச் சென்னைச் சாலைகளில் போலீசார் வழிவிட்டுக் கொண்டுசென்றதும், அது ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டதும் தமிழகம் முழுவதும் பேசப்பட்டன. 'மூளைச்சாவு' என்ற சொல் டீக்கடைப் பேச்சுக்கு வந்தது அந்த வாரத்தில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அதே மாதத்தில்தான் 108 ஆம்புலன்ஸ் சேவையும் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் பெருகியுள்ள ஒரகடம் பகுதிக்கு இந்த 'எந்த மாநிலத்தவரானாலும்' என்ற சொற்றொடர் சிறிய விஷயமல்ல. தலைக்கவசத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 'அரேபியாவின் லாரன்ஸ்' 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், 1941இலேயே அதன் பயனை எழுதிவிட்டார். தமிழ்நாட்டில் அது 2007 ஜூனிலும், உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலையிலும் கட்டாயமாக்கப்பட்டது. ஒரே விதி இருமுறை!

தலையில் அடிபட்டவர் மறுபடி மறுபடி வாந்தி எடுத்தால், தலைவலி கூடிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், ஒரு கை கால் தளர்ந்தால், தூக்கத்திலிருந்து எழுப்புவது கடினமானால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு அடிபட்டது, நடுவில் எவ்வளவு நேரம் தெளிவாகப் பேசினார் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடச் செல்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அறுவை மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.